மல்லிக் காப்பியும் பன்னிரண்டு அங்குல அடிக்கோலும்

விராலிமலை,
1-3-1962, வியாழக்கிழமை.

அன்புள்ள மைத்துனர் சிரஞ்சீவி நாகராசுவுக்கு உன் அத்தான் பெரியகருப்பன் நிறைந்த மனத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்காள் முத்துமாரியம்மாளும் மகள் அழகம்மாளும் சௌக்கியம். நானும் சௌக்கியம் என்றுதான் நினைக்கிறேன். இன்று காலை நாடி பார்த்ததில் நிமிடத்துக்கு எழுபத்தாறு வந்தது, சரிபார்க்கலாம் என்று மறுபடி பார்த்ததில் எண்பத்திரண்டு வந்தது, மூன்றாம் தடவை பார்க்கவில்லை. சென்னையில் நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மலைமேல் இருக்கும் முருகன் பார்த்துக்கொள்வான்.

நீ தை மாதம் எழுதிய கடிதத்துக்கு முதலிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், இடையில் வரும் விஷயங்களைப் படித்துவிட்டு நான் குத்திக்காட்டுவதாக நீ நினைத்துவிடக்கூடும். உங்கள் கல்லூரியில் உடலியல் பேராசிரியர், காப்பி, டீ, மூக்குப்பொடி முதலியவை பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களின் கையை எவ்வளவு சுறுசுறுப்பாக்குகின்றன என்று அளந்துகொண்டிருப்பதாகவும், பட்டணத்து மாணவர்களையே அளந்து அலுத்துவிட்டதால் நாட்டுப்புறத்துப் பிள்ளைகள் பத்துப் பேரின் அளவு தேவைப்படுவதாகவும், "எங்கள் அத்தான் முப்பத்திரண்டு வருஷம் விஞ்ஞான வாத்தியாராக இருந்தவர், அவரைப்போல நிதானமானவர் திருச்சி ஜில்லாவிலேயே கிடையாது" என்று நீ அவரிடம் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். நீ நிதானம் என்று சொல்வதற்கு உன் அக்காள் வேறு பெயர் வைத்திருக்கிறாள். ஆனாலும் அந்த வரியை நான் நான்கு தடவை படித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஓய்வு பெற்று ஏழு வருஷமாக, யார் வீட்டுக்காவது தந்தி வந்தால் படித்துச் சொல்வதைத் தவிர என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இந்த மூன்று வாரமாக வீட்டு வாசலில் பதினோரு ஜோடிச் செருப்புக் கிடந்தது. அதற்காக உனக்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் தகும்.

முறை உனக்குத் தெரிந்ததுதான். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீ பார்க்க வேண்டும் என்பதற்காக மறுபடி எழுதுகிறேன். பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, முன்கையை மேசைமேல் வைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஓரங்குலம் விரித்து வைத்திருப்பான். நான் எதிரே நின்று, பன்னிரண்டு அங்குல அடிக்கோலின் மேல்நுனியைப் பிடித்து, கீழ்நுனி அவன் விரல்களுக்கு நடுவில் தொங்கும்படி வைத்து, சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுவேன். அவன் எத்தனையாவது அங்குலத்தில் கோலைப் பிடிக்கிறானோ அதுதான் கணக்கு. எட்டாவது அங்குலம் என்றால் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆயிற்று என்று பொருள். அங்குலம் குறையக் குறைய ஆள் சுறுசுறுப்பு. இதில் அந்தச் சொல்லாமல் கொள்ளாமல் என்பதுதான் எனக்கு வரவில்லை. என் வாழ்நாளில் நான் எதையும் சொல்லாமல் கொள்ளாமல் செய்ததில்லை. முதல் நாள் எல்லாரும் மூன்றாவது அங்குலத்திலும் நான்காவது அங்குலத்திலும் பிடித்தார்கள். நாட்டுப்புறத்துப் பிள்ளைகள் இவ்வளவு கெட்டிக்காரர்களா என்று நான் பூரித்துப்போய் உனக்குத் தந்தி அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, குடுமியான்மலையில் இருக்கும் என் தங்கை காத்தாயியின் மகன் சேவுகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. கோலை விடுறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை எச்சி முழுங்குறீங்க. எல்லாரும் ஒங்க தொண்டையப் பாத்துத்தான் பிடிக்கிறோம்" என்றான். அந்த நாள் அளவுகளையெல்லாம் அடித்துவிட்டு, மறுநாள் முதல் முகத்துக்கும் தொண்டைக்கும் முன்னால் ஒரு பனையோலை விசிறியைப் பிடித்துக்கொண்டு கோலை விட்டேன். அளவு ஆறு ஏழு என்று ஒழுங்குக்கு வந்தது. உன் அக்காள் மட்டும், "பொண்ணு பாக்க வந்தாப்பல யாரு வெக்கப்படுறது, நீங்களா அவுங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மூக்குப்பொடிக் கட்டத்தை நான் காலியாக அனுப்பியிருக்கிறேன். காரணம் எழுதிவிடுகிறேன். கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பழனிச்சாமிதான் தைரியமாக முன்வந்தான். பொடியை உறிஞ்சி, விரலை விரித்து உட்கார்ந்தான், நான் கோலை விட்டேன், அவன் தும்மினான், கோல் அலமாரிக்கு அடியில் போய்விட்டது. மறுபடியும் அப்படியே. ஏழு தடவை தும்மிய பிறகு, "சார், சுறுசுறுப்பு வந்திருச்சு, ஆனா கைக்கு வரலை" என்றான். வெற்றிலை புகையிலை போட்டவர்கள் நான் கோலைத் தூக்கும்போதெல்லாம் துப்புவதற்கு எழுந்துபோனார்கள். போதாததற்குத் தேர்தல் சமயம். ஒலிபெருக்கி கட்டிய கார் தெருவில் போகும்போதெல்லாம் பிள்ளைகளின் தலை வாசல் பக்கம் திரும்பும். இத்தனைக்கும் நடுவில் ஒருவரும் வராமல் இருந்ததில்லை. அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி, முக்கியமான பானங்களுக்கு வருகிறேன். அளப்பவருக்கும் தெரியக்கூடாது, குடிப்பவருக்கும் தெரியக்கூடாது என்று நீ சிவப்பு மையில் கோடிட்டு எழுதியிருந்தாய். ஆகையால் மூன்று பித்தளைக் கூஜாக்களுக்குக் குங்குமத்தால் ஒரு பொட்டு, இரண்டு பொட்டு, மூன்று பொட்டு வைத்தேன். ஒன்றில் காப்பி, ஒன்றில் டீ, ஒன்றில் சும்மா ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மல்லிக் காப்பி. கொத்துமல்லியை வறுத்து இடித்துக் கருப்பட்டி போட்டால் நிறத்தில் காப்பி மாதிரிதான் இருக்கும், உடம்பைத் தூண்டும் சத்து எதுவும் இராது. எந்தக் கூஜாவில் எது என்பது உன் அக்காளுக்கு மட்டும் தெரியும், டம்ளரில் ஊற்றிக் கொடுப்பதும் அவள்தான். நாளுக்கு ஒரு கூஜாவாக மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். ருசியை வைத்து யாரும் உளறிவிடக்கூடாது என்று, "குடித்த பானத்தைப் பற்றி இந்த வீட்டில் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது" என்று அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினேன். இந்த அட்டைதான் என்னைக் கெடுத்தது என்பது பின்னால் வரும்.

பத்துப் பேர் இந்த முறையில் குடித்தார்கள். பதினோராவது ஆள் முகம்மது சுல்தான். இந்த ஊர் பஸ் முதலாளி ஷேக் பரீதின் தங்கை மகன். அவனுக்கு நோன்பு மாதம். "சார், கோலை எத்தனை தடவை வேணும்னாலும் விடுங்க, பிடிக்கிறேன். கூஜா மட்டும் வேணாம்" என்றான். அவனுக்காக அட்டவணையில் 'ஒன்றும் குடியாதவர்' என்று தனிக் கட்டம் போட்டேன்.

இங்கேதான் விஷயம் பெரிதாயிற்று. ஷேக் பரீது பாயின் புதுக்கோட்டை வண்டிக்கு நிரந்தர டிரைவர் ஒருவர் தேவை. லைசென்ஸ் எடுத்துவிட்டு ஒரு வருஷமாகக் காத்திருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவன் சுல்தான், மற்றவன் நம் சேவுகன். இருவருக்கும் வயது இருபத்துநான்கு, இருவரும் ஒரே மாதிரி ஓட்டுகிறார்கள். அளவு தொடங்கிய இரண்டாம் நாள் மாலையே பாய் என் வீட்டுக்கே வந்து நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "வாத்தியாரய்யா, என் தங்கச்சி பரக்கத் நிஷா மகனை எடுத்தா, சொந்தக்காரனை எடுத்துட்டான்னு ஊரு பேசும். எடுக்கலைன்னா என் தங்கச்சி பேசுவா. நீங்க ஏதோ கோலு வச்சு அளக்குறீங்களாமே. ரெண்டு பயலும் அதுல இருக்கானுங்க. எவன் கை வேகமோ அவன் பேரை எழுதிக் குடுத்துருங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. சேவுகனுக்கு நிரந்தர வேலை கிடைத்தால் வைகாசியில் அழகம்மாளை அவனுக்குக் கட்டிக்கொடுப்பதாக இருக்கிறோம் அல்லவா. பெண் வீட்டுக்காரன் நான் எப்போதோ சம்மதித்துவிட்டேன், என் தங்கை காத்தாயிதான், "அண்ணே, வேலையில்லாத பயலுக்கு ஒங்க மகளைக் கட்டிவச்சு ரெண்டு பேரையும் பட்டினி போட என்னால ஆகாது. வேலை வரட்டும், மறுநாளே பாக்கு மாத்திக்கிருவோம்" என்று உறுதியாக நிற்கிறாள். இதை வெளியில் இன்னும் சொல்லவில்லை. பாய் நம்பிக்கையோடு கேட்டபோது, "பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் மாணவர்கள் விடைத்தாளைத் திருத்திய கை இது. சொந்த மருமகனாக வரப்போகிறவனைத் திருத்த ஒப்புக்கொண்டுவிட்டதே என்று இரண்டு நாள் சாப்பாடு செல்லவில்லை. ஆனால் கோல் பொய் சொல்லாது, நான் விசிறிக்குப் பின்னால்தானே இருக்கிறேன், யாருக்கும் பட்சபாதம் காட்ட முடியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன சனிக்கிழமையோடு அளவு முடிந்தது. ஞாயிறு முழுவதும் கூட்டி வகுத்தேன். ஒரு பொட்டுக் கூஜா குடித்தவர்களின் சராசரி ஆறேகால் அங்குலம். இரண்டு பொட்டு, ஆறேகால். மூன்று பொட்டு, ஆறேகால். கூட்டலில் பிழை என்று மறுபடி கூட்டினேன்; ஆறேகாலேதான். காப்பி, டீ, மல்லித் தண்ணீர் மூன்றும் ஒன்று என்றால், நாற்பது வருஷமாகக் காலையில் காப்பி குடித்தால்தான் எனக்குக் கண் திறக்கிறது என்று நான் நினைத்ததெல்லாம் என்ன என்று எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் அளவு அளவுதானே. "காப்பி, டீ ஆகியவற்றால் இளைஞர்களின் கைவேகத்தில் யாதொரு மாற்றமும் இல்லை" என்று சுத்தப் பிரதி எழுதி உன் பேராசிரியருக்கு அனுப்ப உறையில் போட்டேன். தனித்தாளில் பாய்க்கும் எழுதினேன். சேவுகனின் சராசரி ஐந்தே முக்கால். சுல்தானின் சராசரி ஆறரை. வண்டி மணிக்கு முப்பது மைலில் போனால் இந்த வித்தியாசம் ஏறக்குறைய ஆறு அங்குலம் வருகிறது. ஆறு அங்குலம் என்பது குறுக்கே வரும் ஒரு கோழி பிழைப்பதற்கும் பிழைக்காமலிருப்பதற்கும் போதுமான தூரம். ஆகவே சேவுகன். எழுதி முடித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நான் எதுவும் செய்யவில்லை, கோலே சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை காலை அந்தச் சந்தோஷத்தில் உன் அக்காளிடம், "அந்தக் கூஜாக்களில் எதில் எதை ஊற்றினாய் என்று இப்போது சொல்லலாம்" என்றேன். அவள் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே, "எதுல எதை ஊத்துறது? மூணுலயும் காப்பிதான்" என்றாள்.

நான் காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.

"வீடு தேடி வந்த பிள்ளைகளுக்கு மல்லித் தண்ணியக் குடுத்து அனுப்பிட்டு நாளைக்கு நான் கடைவீதியில எப்படி நடக்குறது? வாத்தியாரு வீட்டுல காப்பித்தூளுக்கு வக்கில்லைன்னு பேச மாட்டாக?"

"சரி, டீயாவது?"

"டீ கடையில குடிக்கிறது. வீட்டுக்கு வந்த ஆளுக்கு யாராச்சும் டீ போட்டுக் குடுப்பாகளா? நல்லாருக்கே."

"அந்தப் பிள்ளைகள் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே."

"பேசக்கூடாதுன்னு நீங்கதானே அட்டை எழுதித் தொங்கவிட்டீங்க."

நாகராசு, எனக்கு உன் அக்காள்மேல் கோபம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டு வாசல் மிதித்தவர்கள் ஒருவரும் வெறும் வாயோடு போனதில்லை, அது அவளால்தான். அதை அறிந்திருந்தும் மல்லிக் காப்பி ஊற்றச் சொன்னேனே, தவறு என்னுடையதுதான். ஆனால் அவள் அத்தோடு நிறுத்தவில்லை. "எல்லாருக்கும் ரெண்டாந் தண்ணி. சேவுகனுக்கு மட்டும் மொத டிகாஷன், பாலு கொஞ்சமா. வீட்டுக்கு மருமகனா வரப்போற பிள்ளை, அவனுக்கும் ஊருக்கும் ஒரே காப்பியா?" என்றாள். அதாவது மூன்று வாரமாகச் சேவுகன் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கெட்டியான காப்பியைக் குடித்துவிட்டுக் கோல் பிடித்திருக்கிறான். எதிர்ப்பக்கம் சுல்தான் தண்ணீர்கூடக் குடியாமல் பிடித்திருக்கிறான். அவர்கள் இருவரையும் ஒப்பிட்டு நான் கோழிக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

"இதைப் பாயிடம் சொல்லியாக வேண்டும்" என்றேன். உன் அக்காளுக்கு அப்போதுதான் விஷயத்தின் கனம் தெரிந்தது. "ஏங்க, தாளு எழுதியாச்சு. கோலு சொன்னதுதானே. போய்க் குடுத்துட்டு வாங்க. யாரு வந்து எங்க அடுப்படியப் பாத்தா?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் பயம் யாருக்காக என்பதும் தெரிந்தது. நான் தீர்மானம் செய்யமுடியாமல் அழகம்மாளைப் பார்த்தேன். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமலே, "போய்ச் சொல்லிட்டு வந்துருங்கப்பா. சொல்லலைன்னா நீங்க தூங்க மாட்டீங்க. அப்புறம் என் கல்யாணத்துல மாலை மாத்துறப்ப எந்திரிச்சு நின்னு சொல்லுவீங்க" என்றாள். பெற்ற பெண்ணுக்கு என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்திருக்கிறது.

செவ்வாய் காலை பத்து மணிக்கு பஸ் ஷெட்டுக்குப் போனேன். வாசலில் இரண்டு தடவை திரும்பிவிட்டு மூன்றாம் தடவை உள்ளே நுழைந்தேன். பாய் நோன்பு, ஆனாலும் என்னைப் பார்த்ததும் எனக்குத் தேத்தண்ணீர் வாங்கிவரச் சொன்னார். "நீங்க நோன்பிருக்கும்போது..." என்று இழுத்தேன். "நோன்பு எனக்குத்தானே, ஒங்களுக்கு இல்லையே. குடிங்க" என்றார். மறுக்கத் துணிவில்லாமல் குடித்துக்கொண்டே, "பாய், நான் ரெண்டு தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

"ரெண்டுதானா? எங்க டிரைவர்மாரு காலையில வந்தாலே நாலு சொல்லுவானுங்க. உக்காந்து சொல்லுங்க."

முதலில் கூஜாக்களைச் சொன்னேன். ஒரு பொட்டு, இரண்டு பொட்டு, முதல் டிகாஷன் எல்லாம் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு சேவுகன்தான் என் மகளைக் கட்டப்போகிறவன் என்பதையும், அதைச் சொல்லாமல் நான் அளக்க ஒப்புக்கொண்டது பெரிய பிசகு என்பதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"வாத்தியாரய்யா, குடுமியான்மலையில இருந்து ஞாயித்துக்கெழமை தவறாம ஒருத்தன் வெள்ளச் சட்ட போட்டு, தலை வழிய எண்ணெ தடவிக்கிட்டு எங்க வண்டியில வாரான். கோயிலுக்கு வாரவன் மலைப்பக்கம் போகணும்ல? எறங்குனதும் ஒங்க தெருப்பக்கம் திரும்புறான். எங்க கண்டக்டருக்கே முகூர்த்த மாசம் வரைக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா என்னை அளக்கச் சொன்னீங்க?"

"ஒங்ககிட்டப் படிக்கிறப்ப சுல்தானை விஞ்ஞானத்துல பெயில் போட்டீங்க. அதே பரீட்சையில ஒங்க சொந்தத் தங்கச்சி மகனையும் பெயில் போட்டீங்க. ரெண்டு பேருக்கும் பதினேழு மார்க்கு. அப்பவே நெனச்சேன், இந்த மனுசன்கிட்ட எதையும் நம்பிக் குடுக்கலாம்னு."

அந்தப் பதினேழில் சேவுகனுக்கு ஒரு கேள்விக்கு அரை மார்க் கூடுதலாகப் போட்டுவிட்டேனோ என்று எனக்கு ஒன்பது வருஷமாகச் சந்தேகம். அதை அப்போது சொல்லவில்லை. இப்போது உனக்குச் சொல்லிவிட்டேன்.

சுல்தானைக் காப்பி குடிக்கச் சொல்ல முடியாது. ஆகவே சேவுகன் ஒரு நாள் காப்பி, டீ எதுவும் இல்லாமல் வரட்டும், இருவரையும் ஒரே சமயத்தில் அளந்துவிடலாம் என்று பாய் சொன்னார். இவ்வளவு எளிய வழி விஞ்ஞான வாத்தியாரான எனக்குத் தோன்றவில்லை. சேவுகனிடம் சொன்னபோது அவன் ஒரு படி மேலே போய், "சுல்தான் பச்சைத் தண்ணி குடிக்காம வருவான். நான் மட்டும் நாலு இட்லி தின்னுட்டு வந்து குந்துனா நல்லாவா இருக்கும்? நானும் ஒண்ணும் திங்காமலே வாரேன் மாமா" என்றான். தனக்குப் போட்டிக்காரன் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. அவன் கை எப்படியிருந்தாலும் ஆள் தங்கம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நேற்று, புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு ஷெட்டில் ஒரு மேசையைப் போட்டு, டிரைவர் கண்டக்டர் எல்லாரும் சுற்றி நிற்க, நான் விசிறியோடு நின்றேன். சுல்தான் காலையிலிருந்து வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துவிட்டு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். இருபது தடவை விட்டேன். சராசரி ஆறரை. பழைய அளவுக்கு இம்மியும் பிசகவில்லை. பிறகு சேவுகன் வந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்து, கண் சொருகி, கொட்டாவி விட்டான். "தலை வலிக்குதா?" என்று கேட்டேன். "காலையில காப்பி இல்லாம நான் இந்த ஒலகத்தையே பாத்ததில்ல மாமா. எல்லாம் தூரத்துல இருக்கு" என்றான். ஒன்பது, எட்டரை, எட்டு, ஒன்பது என்று போயிற்று. ஒரு தடவை அவன் விரல் மூடுவதற்குள் கோல் முழுவதும் நழுவித் தரையில் விழுந்து சத்தம் கேட்டது. சத்தம் கேட்ட பிறகு விரலை மூடினான். ஒரு கண்டக்டர், "ஏம்ப்பா, கோலு கீழ போய்ட்டுத் திரும்பி வரும்னு பாக்குறியா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள், சேவுகனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. கோல் நழுவியதை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டியதில் சராசரி எட்டரை. வண்டிக்கணக்கில் ஓரடி இரண்டு அங்குலம் வித்தியாசம். கோழி போகட்டும், அந்த இடத்தில் ஓர் ஆட்டுக்குட்டி நிற்கலாம்.

"சுல்தான் கையே வேகமானது, எதையும் சாராதது" என்று எழுதிக் கையெழுத்திட்டு பாயிடம் கொடுத்தேன். பாய் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். சுல்தான் ஏனோ சந்தோஷப்பட்டவனாகத் தெரியவில்லை. நோன்புக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை முதல் வண்டியில் காத்தாயி வந்து இறங்கிவிட்டாள். அவளுக்குச் சேதி நேற்றே வண்டியோடு போயிருக்கிறது. "அண்ணே, படிச்ச மனுசன் வீட்டுல பொண்ணெடுத்தா எம்மவன் வெளங்குவான்னு நெனச்சேன். ஒங்க படிப்பு அவன் தலையிலேயே வந்து விழுகும்னு தெரியலையே" என்றாள். வைகாசி இல்லை, அடுத்த வேலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அது ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ என்று சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். உன் அக்காளுக்கு அதுதான் தாங்கவில்லை. எனக்கு இன்றெல்லாம் மல்லிக் காப்பிதான் வருகிறது. அதுவும் உடம்புக்கு நல்லதுதான். அழகம்மாள், "ஒரு வருஷம் என்னப்பா, ஓடிரும்" என்று மட்டும் சொன்னாள். மத்தியானம் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தாள். நான் அதைச் சொல்லாமல் சாப்பிட்டேன்.

இப்படியெல்லாம் ஆகிவிட்டதே என்று நீ வருத்தப்படாதே. நான் நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்: எனக்கு இதில் வருத்தத்தைவிட நன்றிதான் அதிகம். உனக்கு நன்றி, என்னை ஒரு காரியத்துக்கு உகந்தவன் என்று நினைத்ததற்கு. உன் அக்காளுக்கு நன்றி, மூன்று வாரம் பத்துப் பேருக்கு முகம் சுளிக்காமல் காப்பி கொடுத்ததற்கு. பெயில் போட்டவனை நம்பிய பாய்க்கும், பட்டினியாக வந்து உட்கார்ந்த சேவுகனுக்கும், போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்ன என் பெண்ணுக்கும் நன்றி. உன் பேராசிரியரிடம் என் வணக்கத்தைத் தெரிவித்து, விராலிமலை அட்டவணையில் சுல்தானின் அளவையும், நேற்று எடுத்த சேவுகனின் அளவையும் தவிர மற்ற யாவும் காப்பியின் அளவே என்று பணிவோடு சொல்லவும். இரண்டு பேரை வைத்து அவர் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. உன் குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் எந்தப் பரீட்சையிலும் பதினேழு வாங்காமல் பல்லாண்டு நன்றாக இருக்கட்டும். உன் மனைவிக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உன் அத்தான்,
வை. பெரியகருப்பன்.

பின்குறிப்பு: 2-3-1962, வெள்ளிக்கிழமை. தபால்காரர் நேற்று முன்னதாகவே போய்விட்டதால் கடிதம் தங்கிவிட்டது. நல்லதாயிற்று. மேலே எழுதியதில் பெரும்பகுதியை நீ மறந்துவிடலாம். இன்று ஜும்மா தொழுகை முடிந்து பாயும் சுல்தானும் நேராக இங்கே வந்தார்கள். சேவுகனும் பழைய அளவுத்தாள்களைக் கட்டி வைக்க எனக்கு உதவியாக வந்திருந்தான். காப்பி விலக்கு முடிந்துவிட்டதால் உன் அக்காள் அவன் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்திருந்தாள். பாய் சுல்தானைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சார், எனக்கு இந்த டிரைவர் வேலையே வேணாம். கோட்டைப்பட்டினத்துல வாப்பா படகுக்கு இஞ்சின் மாட்டுறாங்க, அதுக்குத்தான் போகணும்னு இருக்கேன். கடல்னாலே உம்மாவுக்குப் பயம், அதனால பஸ்ஸுல ஏறச் சொல்லிட்டாங்க. எப்படியும் சேவுகனுக்கு விட்டுக்குடுத்துரலாம், கோலைப் பிடிக்காம விட்டாப் போச்சுன்னுதான் மாமா ஒங்களை அளக்கச் சொன்ன நாள்ல இருந்து உக்காந்தேன். நேத்தைக்கு முந்தின நாளும் அப்படித்தான். ஆனா கோலு விழுகுறப்ப கை தானா மூடிக்கிருது சார். நான் என்ன செய்யிறது?" என்றான். மூன்று வாரமாக நான் அளந்தது, பிடிக்கக்கூடாது என்று நினைத்தவனின் வேகத்தை. பிடிக்க வேண்டும் என்று நினைத்தால் அவனுக்கு எத்தனை அங்குலம் வரும் என்று உன் பேராசிரியருக்குத்தான் தெரியும். பாய், "கடல்ல பிரேக்கே கிடையாது, அங்கிட்டே போகட்டும். தங்கச்சிகிட்ட நான் பேசிக்கிறேன். ஒங்க பிள்ளைக்குக் காப்பித்தண்ணி உள்ளே போனா அஞ்சே முக்கால்தானே? இந்த ரோட்டுல எட்டு மைலுக்கு ஒரு டீக்கடை இருக்கு. டீக்கடை இல்லாத ஊருல எங்க வண்டி நின்னதே இல்ல. திங்கக்கெழமை வந்து சாவியை வாங்கிக்கிரச் சொல்லுங்க" என்றார். ஆகவே வைகாசிதான். நீ குடும்பத்தோடு பத்து நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும். காத்தாயிக்குச் சொல்ல அழகம்மாளே அடுத்த வண்டிக்கு ஆள் அனுப்பிவிட்டாள். அட்டவணைக்கு இன்னும் ஒரே ஓர் அளவு. சாவியைப் பற்றிப் பாய் சொல்லி முடித்ததிலிருந்து, சேவுகனுக்கு அது புரிந்து முகம் மாறும்வரை ஆன நேரம், என் கணக்கில், நான்கு விநாடி. அப்போது அவன் குடித்துக்கொண்டிருந்தது முதல் டிகாஷன்.